அல்வின் நோஸ்கி சுற்றிய ஒயர்

அடிலெய்டிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் கிம்பா ஊர்ப் பக்கத்துக் கோதுமை விவசாயிகளின் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு நாற்பத்து நான்கு வருடமாக வைத்தியம் பார்த்தவர் அல்வின் நோஸ்கி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறன்று லூத்தரன் கோயிலில் கட்டைக் குரலில் பாடுவார். மற்ற நாட்களில் பட்டறைதான். வண்டி கிளம்பவில்லை என்றால் மற்றவர்கள் இஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். அவரோ ஒரு சின்ன பல்பையும் இரண்டு துண்டு ஒயரையும் எடுத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்துவிடுவார். "கரண்டு எது வரைக்கும் வருதுன்னு மொதல்ல பாரு. ஸ்பேனர அப்புறம் தொடு" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

ஒரு மார்ச் மாதக் காலையில் பண்ணைக்காரி கிளெனிஸ் ட்ரேகர் தன் பிக்கப் வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தினாள்.

"இன்னும் கடைய மூடலையா நீ? போன கிறிஸ்துமஸுக்கே மூடுறேன்னு தம்பட்டம் அடிச்சியே?"

"நீ ஒரு வேலையாவது கொண்டு வருவேன்னுதான் உசிரப் பிடிச்சுட்டிருக்கேன். பின்னால என்ன, செத்த ஆடா?"

அவள் தார்ப்பாயை இழுத்தாள். அல்வினின் சிரிப்பு அப்படியே நின்றது. அவள் கணவன் டெஸ்ஸின் வண்டி அது. அறுபத்தெட்டாம் வருடத்து இங்கிலாந்து வண்டி, இரட்டை சிலிண்டர்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன், பொழுது சாய்ந்து இருட்டிய நேரத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்த டெஸ், தானியக் கிடங்கை ஒட்டிய இடப்பக்க வளைவில் திரும்பாமல் நேராகப் போய் யூகலிப்டஸ் மரத்தில் மோதிச் செத்தான். பிரேக் பிடித்த தடம் சாலையில் இல்லை. மழை பொய்த்த மூன்றாவது வருடம் அது. முந்தின வாரம்தான் தன் ஆடுகளில் அறுபதைத் தன் கையாலேயே சுட்டுப் புதைத்திருந்தான். போலீஸ் விபத்து என்று எழுதிக்கொண்டது. ஊர் வேறு மாதிரி நினைத்தது, வாயைத் திறந்து சொல்லவில்லை.

"பையன் கிரெய்க்குக்கு நாப்பது வயசாகப் போகுது. அப்பா வண்டி ஓடணுமாம். முன்சக்கரம், அதத் தாங்குற ஃபோர்க்கு எல்லாம் அவனே வாங்கி மாட்டிட்டான். ஸ்டார்ட் மட்டும் ஆகல."

"வச்சுட்டுப் போ, பாக்கறேன்."

மறுநாள் புது பேட்டரி மாட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இஞ்சின்மேல் வைத்து உதைத்தார். பொறி வரவில்லை. பொறியை விட்டு விட்டு மூட்டும் பாயின்ட்டைத் தேய்த்துத் துடைத்தார். பொறிக்கு மின்சாரத்தைக் கூட்டித் தரும் காயிலைச் சோதித்தார், நன்றாக இருந்தது. ஆனால் காயிலுக்குக் கரண்டே வரவில்லை. பல்பை வைத்து ஒயரைப் பின்தொடர்ந்து கொண்டே போனார். பெட்ரோல் டேங்க்குக்கு அடியில், ஹேண்டில்பார் திரும்பும் கழுத்துப் பக்கம் வந்ததும் பல்பு மினுக்கியது. ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினார். அணைந்தது. வலப்பக்கம் திருப்பினார். எரிந்தது.

டேங்க்கைக் கழற்றி, அந்த இடத்தில் சுற்றியிருந்த டேப்பைப் பிரிக்கப் போனவர் கை அந்தரத்தில் நின்றது. டேப்பின் முனை அவிழாமலிருக்க மஞ்சள் தூண்டில் நரம்பால் இறுக்கிக் கட்டியிருந்தது. அந்த வட்டாரத்தில் அப்படிக் கட்டுகிற ஆள் ஒருவர்தான்.

உள்ளே இரண்டு ஒயர்களும் வெறுமனே முறுக்கிவிடப்பட்டிருந்தன. இணைப்பை இறுக்க ஈயம் உருக்கி வைக்கவில்லை. நினைவு வந்தது. அன்று ஈயம் உருக்கும் ஊதுகுழலில் கேஸ் தீர்ந்திருந்தது. டெஸ் அவசரப்பட்டான். "இப்போதைக்குத் தாங்கும், அடுத்த வாரம் வா, பத்தவச்சுடறேன்" என்று அனுப்பினார். அடுத்த வாரம் டெஸ் வரவில்லை. அதற்கடுத்த மாதம் செத்துப்போனான்.

மோதிய வேகத்தில் ஒயர் பிடுங்கிக்கொண்டிருக்கலாமே என்று மனம் ஓடி ஒளிய இடம் தேடியது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். கம்பி இழைகளின் நுனியெல்லாம் கருகியிருந்தது. ஓடும்போது விட்டு விட்டுப் பொறி பறந்தால்தான் அப்படிக் கருகும். மோதியபின் அந்த வண்டி ஓடவே இல்லை. அல்வின் சிமென்ட் தரையில் உட்கார்ந்தார். வாசலில் யாரோ வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவருக்கு அது காதிலேயே விழவில்லை.

மறுநாள் காலையில் கிளெனிஸின் பண்ணைக்குப் போய், சமையலறையில் நின்றபடியே சொன்னார்.

"அந்த ஒயரச் சுத்தினது நான்தான், கிளெனிஸ். சரியாப் பண்ணல. அன்னிக்கு வளைவுல அது விட்டுப் போயிருக்கு."

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "விட்டுப் போனா?"

"இஞ்சின் நின்னுரும். விளக்கும் அணைஞ்சுரும். ரெண்டுக்கும் அந்த ஒரே ஒயர்தான்."

"விளக்குமா? அப்போ அவருக்கு மரம்...?"

"ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது. கும்மிருட்டு. சுதாரிக்கறதுக்குள்ள மரம் வந்திருக்கும்."

திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்து நின்றவருக்கு அடுத்து வந்தது தலையில் இடி இறங்கின மாதிரி இருந்தது.

"அவரே போய் மோதிக்கிட்டாருன்னு நெனச்சேன், அல்வின். அன்னிக்குக் காலையில அவரப் பாத்து நீயெல்லாம் ஒரு விவசாயியான்னு கேட்டுட்டேன். அந்தச் சொல்லுதான் கொன்னுடுச்சுன்னு இருபத்திரண்டு வருசமா..." நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். பிறகு தலை நிமிராமல், "எந்திரிச்சுப் போ. இப்ப உன் மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள். அவர் உட்காரவே இல்லை என்பது அவளுக்குத் தெரியவில்லை.

அல்வின் நேரே போலீஸ் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தார். அதன்பின் பழைய நோட்டுகளைப் புரட்டி, அந்த வருடம் தான் ஒயர் வேலை பார்த்த வண்டிகளையெல்லாம் தேடிப் போனார். ஒன்பது அகப்பட்டன. ஒவ்வொன்றிலும் டேப்பைப் பிரித்துப் பார்த்தார். இரண்டில் ஈயம் வைக்காத முறுக்கு இருந்தது. ஒன்றை, பள்ளிக்கூடத்துக்குப் போய்வர ஒரு டீச்சரம்மா தினமும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அங்கேயே மண்ணில் குந்தி அதைச் சரிசெய்தார். ஈயம் வைக்கும்போது இரண்டு தடவை விரலைச் சுட்டுக்கொண்டார்.

கிரெய்க் அடிலெய்டிலிருந்து போன் செய்தான். "அம்மா எல்லாம் சொன்னாங்க. சொன்னதுக்கு நன்றி. ஆனா வண்டிய நீங்க தொட வேண்டாம். வேற ஆள் பாத்துக்கட்டும்."

"அதுதான் சரி" என்றார் அல்வின்.

டெஸ்ஸின் கல்லறையில் அதுவரை ஒரு மரச் சிலுவைதான் இருந்தது. அந்தக் குளிர்காலத்தில் கிளெனிஸ் கருங்கல் நட்டு, 'என் அன்புக் கணவர்' என்று வெட்டச் சொன்னாள். கல் நட்ட மறு ஞாயிறு கோயில் வாசலில் அல்வின் எதிரே வந்தார். அவள் ஒதுங்கிப் போகவில்லை. கதவு சாத்திக்கொள்ளாமல் அவர் நுழையும் வரை கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.