நீலமாகிப்போன பிள்ளைகளைப் பார்க்கக் கொக்கட்டிச்சோலைக்கு

வருகிற தை மாதத்திலிருந்து என் கணவர் பாடசாலை வான் ஓடப்போகிறார். எங்கள் மகள் ஓவியாவும் அதே வானில்தான் பாலர் பாடசாலைக்குப் போவாள். அதனால் பின்கதவில் ஒட்டவேண்டிய ‘கவனம், பிள்ளைகள் இறங்குவார்கள்’ என்ற ஸ்டிக்கரைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே யோசித்துவிட்டேன். மூன்று வருடம் நிறம் மங்காது என்றார் கடைக்காரர். எங்கள் ஊர் வெயிலிலா? கணவரின் மச்சான் குமார் அண்ணன் கொக்கட்டிச்சோலையில் பாடசாலை வான் ஓடுபவர். இரண்டு வருடத்துக்கு முன் அதே கடையில் அதே ஸ்டிக்கரை ஒட்டியவர். நேரில் பார்த்துவிடுவோம் என்று ஞாயிறு மூன்று மணிக்குக் கல்லடியிலிருந்து எங்கள் வானிலேயே கிளம்பினோம்.

ஏறத்தாழ பதினைந்து கிலோமீற்றர்தான். காத்தான்குடியைத் தாண்டும்போது நான் கடைகளைப் பார்க்கவில்லை, பெயர்ப்பலகைகளை மட்டும் பார்த்தேன். ஒரு பலகையில் புரியாணியே நீலமாகியிருந்தது! வெயில் சிவப்பையும் மஞ்சளையும் முதலில் தின்றுவிடுகிறது. நீலமும் கறுப்பும் மிஞ்சிக் கிடக்கின்றன. ஆரையம்பதியில் திரும்பி மண்முனைப் பாலத்தில் ஏறியதும் வாவி இருபக்கமும் விரிந்தது. கொஞ்ச நேரம் எல்லாக் கவலையும் தண்ணீரில் மிதந்து எங்கோ போனது.

குமார் அண்ணனின் வான் வீட்டுச் சுவரை ஒட்டி நின்றது. அதன் இரு பக்கமும் பள்ளிப் பிள்ளைகளின் படம் ஒட்டியிருந்தது. சுவர்ப் பக்கம் பிள்ளைகள் சிவந்த கன்னத்தோடு சிரித்தார்கள். வெயில் பக்கம் அதே பிள்ளைகள், அதே சிரிப்பு. ஆனால் வாவிக்கு அடியில் நிற்பவர்களைப்போல நீலமாக இருந்தார்கள்.

“மாமா, இவங்களுக்குக் குளிருதா?” என்றாள் ஓவியா.

“இல்ல கிளி, வெயில் கூடிட்டு. என்னகா தங்கச்சி, மாப்பிள பாக்க வந்த மாதிரி வானச் சுத்திச் சுத்தி வாறாய்?”

நான் பின்பக்கம் போனேன். கறுப்பில் ‘கவனம்’ அப்படியே இருந்தது. சிவப்பில் இருந்த ‘பிள்ளைகள் இறங்குவார்கள்’ கழுவிவிட்டதுபோல வெளிறியிருந்தது.

“கிட்ட வந்து பாருகா, எழுத்துக் கிடக்குதானே.”

“பின்னால வாற லொறிக்காரனும் இவ்வளவு கிட்ட வந்தா அண்ணா வாசிக்கணும்?”

அவர் சிரித்தார். பிறகு அவரும் குனிந்து பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது.

ஏன் பின்பக்கத்தை மேற்கு வெயிலுக்குக் காட்டி நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன். “முகம் கிழக்கதான் பாக்கணும். விடியக் காலத்தால எடுக்கக்குள்ள சூரியன்ட முகத்துல முழிச்சாத்தான் ராசி.” என் கணவர் தலையாட்டினார். அவரும் அப்படித்தான் நிறுத்துவார். பாடசாலை விட்டு வந்ததிலிருந்து பொழுது சாயும்வரை, வயல்வட்டைக்கு மேலால் வரும் மேற்கு வெயில் முழுவதையும் பின்கதவுதான் வாங்குகிறது. பிள்ளைகளைக் காக்கவேண்டிய எழுத்து அங்கேதான் இருக்கிறது.

திரும்பும்போது குமார் அண்ணனும் ஆரையம்பதிக்குப் போக வேண்டியிருந்ததால் முன்னால் போனார். பாலத்துக்கு ஏறும் வளைவில் வானின் பக்கவாட்டுத் தெரிந்தது. வாவியின் நீலமும் பிள்ளைகளின் நீலமும் ஒன்றாகி, அவர்கள் தண்ணீர்மேல் நடந்துபோவது போலிருந்தது. அவ்வளவு அழகு. பிறகு வான் நேரானது. கதவில் ‘கவனம்’ மட்டும். எதற்கென்று இல்லை.

“எழுத்துத் தெரியல்ல,” என்றார் என் கணவர். நான் சொல்லாமலே வேகத்தைக் குறைத்தார்.

போக நினைப்பவர்கள் நாலு மணிக்குப் பின் பாலத்தைக் கடந்தால் வெளிச்சம் நன்றாக இருக்கும். வண்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள், எச்சரிக்கை எழுத்துகளை அச்சடிக்காமல் நிற ஸ்டிக்கரிலேயே வெட்டி ஒட்டச் சொல்லுங்கள். அது கூடக் காலம் நிறம் நிற்குமாம். படங்களுக்கு மேலால் லெமினேட் கேளுங்கள். கழுவும்போது ஓரங்களில் தண்ணீரைப் பீச்சாதீர்கள். மாதம் ஒருமுறை, பின்னால் வருகிறவன் நிற்கும் தூரத்தில் நின்று வாசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர் வழக்கம்போல முகம் கிழக்கே பார்க்க நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தார். என்னைப் பார்த்தார். மறுபடி எடுத்து, சுற்றித் திருப்பி, பின்கதவு சுவரோடு முட்டுமளவுக்கு நிறுத்தினார்.

“காலத்தால திருப்பிக் கிழக்க விடுவன், சரியா?”

“ஓம்.”

ஸ்டிக்கர் இன்னும் ஒட்டவில்லை. வெறும் கதவுதான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.