இறக்கம் எந்தப் பக்கம்?

எங்கள் தோட்டத்துத் திடல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். தேயிலை மலையில் சமதரைக்கு எங்கே போவது? அதை நான் குறை சொல்லவில்லை. என் கோபமெல்லாம் அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுத்த கோச் மீதுதான். டாஸ் ஜெயித்தால் இறக்கத்தைப் பார்த்து ஆடுகிற பக்கத்தைக் கேட்க வேண்டும், பந்தை ஓங்கி அடித்துவிட்டுப் பின்னாலேயே ஓட வேண்டும். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறியதும் எல்லாரும் தங்கள் கோல் முன்னால் போய் மறித்து நின்றுகொள்ள வேண்டும். மூன்று வருடமாக இதுதான் பயிற்சி. என் மகள் பந்தை மட்டையோடு ஒட்டி உருட்டிக்கொண்டு போனால், வெளியே உட்காரவைத்துவிடுவார்.

"பந்த நிறுத்தி பாஸ் பண்ணச் சொல்லிக் குடுங்க சார்" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அதான் ஜெயிக்கிறோம் லா, அப்புறம் என்னண்ணே?" என்றார்.

போன வருடம் முதல்முறையாக மலைக்குக் கீழே, செயற்கைப் புல் போட்ட திடலில் ஆடப் போனோம். டாஸ் எங்களுக்கு விழுந்தது. எந்தப் பக்கம் வேண்டும் என்று நடுவர் கேட்டார். எங்கள் கேப்டன் பெண் திடலை இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள். பிறகு கோச்சைப் பார்த்துக் கத்தினாள்.

"சார், இதுல இறக்கம் எந்தப் பக்கம்?"

அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். தான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அந்தப் பிள்ளை கேட்கிறாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை.