டொக்கென்ற கல்

வட்டவளைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ரயில் பாதை ஓரமாகவே நடந்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, வேலையை விட்டதற்கான பற்றுச்சீட்டும் வாங்கவில்லை. அந்தச் சீட்டு இல்லாதவனை வேறு தோட்டத்தில் பெயர் பதிய மாட்டார்கள் என்று தெரிந்தேதான் நடந்தேன்.

காரணம் முந்தின நாள் நடந்தது. எங்கள் தேயிலைத் தொழிற்சாலைப் பட்டறையில் ஒரு கைக் கிரைண்டர் இருந்தது. இன்ஜினின் சுழற்சி ஒரு வளையும் கேபிள் வழியாக அதற்கு வரும், முனையில் சாணைக்கல். அன்று காலை அந்தக் கல் சிமெண்டுத் தரையில் விழுந்துவிட்டது. வெளியே கொண்டுபோய், துளையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, சுத்தியல் பிடியால் தட்டினேன். நல்ல கல் மண்பானை போலக் கணீரென்னும். இது டொக்கென்றது.

தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கர் அய்யாவோ கொழுந்து உருட்டும் ரோலர்கள் ஓடுகிற இடத்திலேயே நின்று தட்டிப் பார்த்தார். அந்த இரைச்சலில் கோயில் மணி அடித்தாலும் கேட்காது.

"சரியாத்தானே இருக்கு. கல்லு என்ன, பாட்டா பாடணும்?"

"உள்ளுக்குள்ள கீறல் இருக்குங்கய்யா. நான் போட மாட்டேன்."

"அப்ப நீ விடு. மாரியப்பன் போடுவான்."

என்னோடு வேலை செய்த மாரியப்பன் சிரித்தான். "அண்ணனுக்குக் காது அப்படிங்கய்யா. லயத்து வீட்டுல பூனை நடந்தாக்கூட எந்திரிச்சு உக்காந்துக்குவாரு."

கல்லை அவன் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவன் மாட்டி ஓட்ட, வேகம் பிடித்ததும் கல் வெடித்தது. ஒரு துண்டு அவன் கன்னத்தைக் கிழித்து இரண்டு பல்லைக் கொண்டுபோனது. பிழைத்துக்கொள்வான் என்று டிஸ்பென்சரியில் சொன்னார்கள். வாசலில் நின்ற அவன் மனைவி என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"கெட்ட கல்லுன்னு தெரிஞ்சும் அவரு கையில ஏண்ணே குடுத்தீங்க?"

விடிந்ததும் கிளம்பிவிட்டேன்.

கொட்டகலை வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஒரு கடை வாசலில் படுத்துக் கிடந்து, காலையில் லொறி பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை கேட்டேன். முதலாளி முஸ்லிம், அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் அவரை நானா என்றார்கள். சீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"கிரைண்டர் புடிப்பியா?"

"புடிப்பேன் நானா."

அதே மாதிரி மெஷின். இன்ஜினிலிருந்து வரும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, மாட்டியிருந்த கல்லை எடுத்து வெளியே போய்த் தட்டினேன். டொக். முந்தின நாள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. இது ஆகாது என்று சொல்லி ஓரமாக வைத்திருக்கலாம். வைத்த கல்லை வேறொருவன் எடுத்து மாட்டுவான். சுத்தியலால் உடைத்தேன்.

"வேலைக்குச் சேர முந்தியே கல்ல ஒடச்சிட்டியே, ஒனக்கென்ன பைத்தியமா?"

துண்டைக் காட்டினேன். உடைந்த பக்கத்தில் பாதி புதுச் சாம்பல் நிறம். மீதி எண்ணெய் ஊறிக் கறுத்த பழைய கீறல். நானா அந்தக் கறுப்பைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார்.

"நேத்து வரைக்கும் நான்தான் இதப் புடிச்சேன்" என்றார். பிறகு அலுமாரியிலிருந்து புதுக் கல் எடுத்துக் கொடுத்தார். "ஒட்டுப்போட்ட லொறிச் சட்டம் கெடக்கு. தேய்ச்சுக் குடு."

கிரைண்டர் பிடிக்க வருகிறவர்களுக்கு இன்றும் நான் சொல்வது இதுதான்: மாட்டேன் என்று ஒதுங்கினால் உன் முகம் மட்டும்தான் தப்பும்.

அன்று நானா கொடுத்த புதுக் கல்லையும் வெளியே கொண்டுபோய்த் தட்டினேன். கணீரென்றது. இருபக்கமும் காகித வில்லை வைத்து இறுக்கி, கல்லுக்கு நேரே நின்ற எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு, பெல்ட்டை மாட்டினேன்.