அருவிக்கரையில் என்னை நிற்கச் சொன்ன குரல்

அடியார்களே, கூச்சத்தை விட்டுச் சொல்கிறேன். போன வருஷம் எனக்குக் காலையில் கண் விழிக்கவே பிடிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற போலீஸ் ஏட்டு. வீடு தென்காசி. சாரல் காலமெல்லாம் குற்றாலத்து அருவிக்கரையில்தான் டூட்டி. கூட்டத்தை உள்ளே விடுவேன், ஐந்தே நிமிஷத்தில் விசில் ஊதி வெளியேற்றுவேன். ஓய்வு பெற்றதும் மனம் இருண்டுவிட்டது. உட்கார்ந்தால் எழும்பச் சொல்லும். எழுந்தால் எங்கே போவது? வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். டிவியைப் போடுவேன், அணைப்பேன். மனைவி குளிக்கப் போனால் கதவைத் தட்டி, "எம்புட்டு நேரம்? வெளிய வா!" என்று கத்துவேன்.

ஆனி மாதம் ஒரு காலையில் அவள் பையில் சேலைகளை அடுக்கினாள்.

"கோயம்புத்தூர்ல மக வீட்டுல போய் இருந்துக்கிடுதேன். உங்ககூட இருந்தா எனக்கும் கிறுக்குப் பிடிச்சிரும்."

பயந்துபோனேன். அவளும் போய்விட்டால் நான் என்ன ஆவேன்? "ஏட்டி, ஒரே ஒரு நாள் பொறு" என்று கெஞ்சிவிட்டு, பஸ் ஏறிக் குற்றாலநாதர் சந்நிதிக்குப் போனேன். அங்கேயும் கால் தரிக்கவில்லை. "அப்பனே, என்னை ஒரு இடத்தில் நிறுத்து" என்று மட்டும் கேட்டேன். திருநீறுகூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

பழக்கத்தில் கால் அருவிக்கரைக்கு இழுத்தது. நல்ல தண்ணீர், நல்ல கூட்டம். என்னை அறியாமல் கத்திவிட்டேன். "நேரமாச்சுலே! எல்லாரும் வெளிய வாங்க!" கண்ணைக்கூடத் துடைக்காமல் பத்துப் பேர் ஓடிவந்தார்கள். டூட்டியில் இருந்த காவலர் என்னோடு வேலை பார்த்தவர். சிரித்துக்கொண்டே வந்தார்.

"அண்ணாச்சி, விசில நான் பாத்துக்கிடுதேன். நீங்க உள்ள போய் நில்லுங்க. இன்னைக்கு உங்கள யாரும் வெளிய கூப்பிட மாட்டாக."

உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்பன்தான் பேசினான். சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். இத்தனை வருஷத்தில் நான் அங்கே நிதானமாக ஒரு குளியல் போட்டதில்லை. தண்ணீர் தோளில் அடித்தது. வாய்விட்டு அழுதேன், யாருக்கும் கேட்கவில்லை. கரையேறியபோது பசித்தது. மாதக்கணக்கில் வராத பசி.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பையில் அடுக்கிய சேலைகளை வெளியே எடுத்து வைத்தவள், "நாளைக்கு நானும் அருவிக்கு வருதேன்" என்றாள்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. இன்றும் சில காலைகளில் மனம் கனக்கிறது. அப்போது தெருவில் இறங்கி நடக்கிறேன். சுவாமிக்குப் பூப் பறிக்கிறேன். பழைய சிநேகிதர் யாருக்காவது போன் போடுகிறேன். அதற்கும் அடங்காத நாளில் டாக்டரிடம் போகிறேன், அதில் வெட்கம் இல்லை. சோர்ந்திருப்பவர்களே, அப்பனிடம் சின்னதாக ஒன்றைக் கேளுங்கள். கேட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே முடங்கிவிடாதீர்கள்.

நேற்று அவள் குளிக்கப் போய் அரை மணி நேரம் ஆயிற்று. நான் காபியோடு வெளியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னங்க, சத்தத்தையே காணும்? இருக்கீங்களா?" என்று உள்ளிருந்து குரல் கொடுத்தாள்.

"மெதுவா வாட்டி. இங்கனதான் இருக்கேன்" என்றேன்.