சுகுமாறன் அடைத்த இரண்டு ஓட்டைகள்

தவறு செய்வதில் சுகுமாறனும் நம்மைப் போன்றவன்தான். அதை மறைப்பதில் மட்டும் பெரிய கெட்டிக்காரன். சிரம்பானுக்கு அப்பாலுள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். லோரிக் கதவின் நெளிசலை மூடத்தான் அங்கே முருகன் படம் ஒட்டியிருக்கிறது என்பது அவன் மனைவிக்கும் முருகனுக்கும் மட்டுமே தெரியும்.

போன வருடம் அவனுடைய தம்பி தங்கராஜுவின் வலது கை செம்பனை எண்ணெய் ஆலை இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்தவன் கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டான். அதன்பிறகு அது வெளியே வரவே இல்லை. சாப்பாடும் இடது கையில்தான். வீட்டில் யாரும் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. பேச்சு தப்பித் தவறி அங்கே போனால், சுகுமாறனின் மனைவி மாதவி உடனே கறியில் உப்பு சரியா என்று கேட்பாள்.

இளவட்டமாக இருந்தபோது அண்ணனும் தம்பியும் சிரம்பானில் ஒரு வீடியோ கேம் கடையே கதியென்று கிடந்தவர்கள். இடது கையில் ஜாய்ஸ்டிக், வலது கையில் பட்டன்கள். தங்கராஜுவை அங்கே ஜெயிக்க ஆளில்லை. அதே மாதிரி ஜாய்ஸ்டிக்கும் பட்டன்களும் பதித்த ஒரு பலகை செய்து வீட்டு டிவியில் மாட்டினால் தம்பி கையை வெளியே எடுப்பான் என்று சுகுமாறன் நம்பினான். வேறு வழி எதுவும் அவனுக்குத் தோன்றவில்லை.

லோரிக் கொட்டகையில் இரவல் ரம்பத்தோடு உட்கார்ந்தான். பிளைவுட்டின் ஓரம் பிசிறு பிசிறாகப் பெயர்ந்தது. கறுப்பு ரப்பர் பட்டை வைத்து மூடினான். ஜாய்ஸ்டிக் ஓட்டை பெரிதாகிப்போனது. அகலமான வளையம் போட்டு மறைத்தான். கீறல்களில் மரத்தூளும் பசையும் குழைத்து அப்பினான்.

"லோரிக் கதவு மாதிரியே ஆக்கிட்டீங்க லா," என்றாள் தேநீர் கொண்டுவந்த மாதவி.

பிறகு வலது கையைப் பலகையில் விரித்து, விரலுக்கு ஒன்றாகக் குறி போட்டு, ஐந்து ஓட்டைகள் வெட்டினான். நான்காவது பட்டனைக் கையில் எடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். யாருக்காகச் செய்கிறானோ அவனை மறந்து, தன் கையை வைத்து அளவெடுத்திருந்தான்.

"இத பாத்தா அவன் மனசு ஒடிஞ்சி போயிருவான், மாதவி."

வேறு பலகை வாங்கியிருக்கலாம். ஆனால் கை பழகிய வேலையைத்தான் செய்தது. வெட்டி எடுத்த வில்லைகளையே கடைசி இரண்டு ஓட்டைகளிலும் திரும்ப வைத்து, பூசி, தேய்த்து, பலகை முழுக்கக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டினான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதைத் தம்பியின் மடியில் வைத்தான். தங்கராஜு இடது கையால் தடவிப் பார்த்தான். பட்டன்களுக்கு அப்பால் விரல் நின்றது.

"இங்க என்னாண்ணே, மேடா இருக்கு?"

"பலகைக் கோளாறுடா. நீ வெளாடு."

ஆட்டம் தொடங்கிவிட்டது. அவசரத்தில் தங்கராஜுவின் வலது கை தானாகவே பையிலிருந்து வந்து பலகையில் உட்கார்ந்தது. மூன்று விரல்கள், மூன்று பட்டன்கள். விரலில்லாத இடத்துக்கு நேராக இரண்டு மேடுகள். திரையில் அவனுடைய ஆள் அடி வாங்கிக்கொண்டிருக்க, அவன் பலகையையே பார்த்தான்.

"ஒங் கைய வச்சி அளவெடுத்தியா?"

சுகுமாறன் தலையாட்டினான். "மறந்துட்டேன்டா."

"நானுந்தான் மறந்துர்றேன். தெனமும் முழிச்சதும் அஞ்சும் இருக்குன்னுதான் நெனைக்கிறேன். நீங்க எல்லாருந்தான் மறக்கவே மாட்டேங்குறீங்க, அதனாலதான் இந்தக் கைய பாக்க மாட்டேங்குறீங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்."

சுகுமாறன் அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டான். தழும்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அன்றுதான் பார்த்தான்.

"வலிக்குதாடா?"

ஒரு வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது.

"வலிக்குதுண்ணே," என்றான் தங்கராஜு. கையை இழுத்துக்கொள்ளவில்லை.