அடையாளம் தெரியாத தட்டான்

மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறேன். இடக்கண்ணில் பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டுப் போயிருக்கிறார் நர்ஸ். எழுத்து மங்குவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். பயமாக இருக்கிறது.

நான் தென்காசியில் அறிவியல் டீச்சர். கோடை லீவு விட்டால் ஊரெல்லாம் அருவிக்குச் சாரல் எப்போது என்று கேட்கும். எனக்குக் கீழப்பாவூர் குளக்கரைதான். நாரை, கரிச்சான், தட்டான் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணி நோட்டில் எழுதுவேன். போன மே மாதம் வலப்பக்கம் ஒரு கருந்தட்டான் விலகாமல் கூடவே வந்தது. ‘கருப்பு. ஒன்று. அடையாளம் தெரியவில்லை’ என்று எழுதினேன். மறுநாளும் அதையே எழுதினேன். மடச்சி, ஐந்து நாள் சந்தோஷமாக எழுதினேன். புது இனம் என்று நினைப்பு.

ஆறாம் நாள் வலக்கண்ணில் பாதிக்குத் திரை விழுந்தது.

“புள்ளி எப்பம்மா முதல்ல தெரிஞ்சுது?” என்று திருநெல்வேலி டாக்டர் கேட்டார். நோட்டைக் காட்டினேன். புரட்டியவர் முகம் மாறிவிட்டது. விழித்திரை (கண்ணின் பின்சுவரில் ஒளியை வாங்கும் படலம்) கிழிந்து, மையம்வரை கழன்றிருந்தது.

“அன்னைக்கே வந்திருந்தா லேசர்லயே முடிஞ்சிருக்கும்” என்றார்.

ஆபரேஷன் செய்து, படலத்தை அழுத்திப் பிடிக்கக் கண்ணுக்குள் வாயு அடைத்தார்கள். பத்து நாள் குப்புறக் கிடந்தேன். பார்க்கத் தரையைத் தவிர ஒன்றுமில்லை. செத்தாலும் தேவலை என்று இருந்தது. என் வீட்டுக்காரர் ரிட்டயரான ஏட்டு. அவருக்குத் தெரிந்த பறவை காக்காவும் கோழியும்தான். ஆனாலும் தினமும் குளத்துக்குப் போய்வந்து அங்க அடையாளம் சொல்லுவார்.

“ஆளு கருப்பு. வாலு ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. கரண்டுக் கம்பியில உக்காந்துக்கிட்டு எல்லாரையும் வெரட்டுதான்.”

“கரிச்சான்ங்க.”

“அவனேதான். ரவுடிப் பய.”

சிரித்துவிட்டேன். தலையை அசைக்காதே என்று திட்டினார்.

வலக்கண் திரும்பவில்லை. வெளிச்சம் மட்டும் தெரியும். டீயை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறேன். இடக்கண்ணிலும் விழித்திரை மெலிந்திருக்கிறதாம். அதனால் விடிந்ததும் முதலில் வெள்ளைச் சுவரைப் பார்ப்பேன். புள்ளி இல்லையென்றால் அன்றைய நாள் எனக்கு உண்டு. அடுத்த நாளைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டேன்.

இன்று காலை குளக்கரையில் ஒரு கருந்தட்டான்.

“ஏங்க, அங்கன ஒண்ணு பறக்குதா?”

நெற்றியில் கைவைத்துத் தேடினார். “எங்கனட்டி? ஒண்ணையும் காணலயே.”

கண்ணை உருட்டினேன். அதுவும் கூடவே வந்தது.

“வண்டிய எடுங்க” என்றேன்.

உங்களுக்கும் புதிதாக ஒரு புள்ளி தெரிந்தால் கண்ணை உருட்டிப் பாருங்கள். கூடவே வந்தால் அன்றைக்கே ஓடுங்கள். என்னைப் போல எண்ணிக்கொண்டு நிற்காதீர்கள்.

இப்போது எழுத்து தெரியவில்லை. நான் சொல்லச் சொல்ல இவர் எழுதுகிறார். உள்ளே என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். இன்றைய தட்டானை நோட்டில் என்னவென்று எழுத என்று கேட்கிறார்.

“கருப்பு. ஒண்ணு. அடையாளம் தெரிஞ்சிட்டுன்னு எழுதுங்க.”