ஐந்து மஞ்சள் உடுப்புகள்

தருமபுரியில் அப்துல் கனியின் தையல் கடையைத் தெரிந்தவர்கள் அநேகம். அந்தக் கடைச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைக்கிற கை யாருடையது என்று தெரிந்தவர்கள் குறைவு. அது அவர் மனைவி ஹாஜிராவின் கை. விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு, பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தாளானால் நடுப்பகல் லுஹர் பாங்கு சொல்வதற்குள் ஏழெட்டுச் சட்டையை முடித்துவிடுவாள். அல்லாஹ் அவளுக்குக் கைவேகத்தைக் கொடுத்தான், ஐந்து பிள்ளைகளைக் கொடுத்தான். கூடவே ஒரு பயமும் வந்து ஒட்டிக்கொண்டது.

அது இரண்டு வருஷத்துக்கு முந்திய ஒரு தர்கா சந்தனக்கூடு விழாவில் வந்தது. கூட்டத்தில் நாலாவது பிள்ளை ஜமீர் கை நழுவிப் போனான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. மூன்று மணி நேரம் ஹாஜிரா செருப்பு எங்கே, முக்காடு எங்கே என்று தெரியாமல் ஓடினாள். கடைசியில் பார்த்தால், பயல் ஒரு டீக்கடைப் பெஞ்சில் கால் ஆட்டிக்கொண்டு பன் தின்கிறான். "எங்கம்மா போயிட்டீங்க? எவ்ளோ நேரமா தேடறது?" என்று அவளையே கேட்டான். கூடி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து ஐந்தையும் சேர்த்து அழைத்துக்கொண்டு அவள் ஊர் எல்லை தாண்டியதில்லை. ஏரியூரில் கூடப்பிறந்த தங்கையின் கல்யாணத்துக்குக்கூட மூத்தவள் சுல்தானாவை மட்டும்தான் கூட்டிப்போனாள்.

எழுபத்தைந்தாம் வருஷம், நோன்பு மாதத்தில், நஞ்சப்பன் கடைக்கு வந்தார். பாலக்கோட்டுக்காரர். பெங்களூருக்குப் பக்கத்தில் பன்னர்கட்டாக் காட்டில் காவலராக இருந்தார். அவருடைய காக்கி உடுப்பெல்லாம் அப்துல் கனி தைத்ததுதான்.

"மாஸ்டர், எங்க காட்டை நேஷனல் பார்க்குன்னு சொல்லிட்டாங்க. பெருநாள் முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழமை பிள்ளைங்கள கூட்டிட்டு வாங்க. மானு, யானை எல்லாம் காட்றேன்" என்றார்.

அம்மா காஜா எடுத்த சட்டைகளைக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் ஜமீர் இதைக் கேட்டுவிட்டான். நோன்பு வைக்காத வயசல்லவா, மூச்சு முழுக்க இருந்தது. தெரு முழுக்கக் கத்திக்கொண்டே வந்து வீட்டில் விழுந்தான். ஐந்தும் ஒரே கூத்து.

"யாரும் எங்கயும் போகல" என்றாள் ஹாஜிரா.

"அம்மா, நான் உங்க முந்தானைய புடிச்சது புடிச்சபடியே வர்றேம்மா. யானை வந்து இழுத்தாக்கூட வுடமாட்டேன்" என்றான் ஜமீர்.

அப்துல் கனி அதட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. நோன்பு திறந்து முடித்ததும் மெதுவாகச் சொன்னார்: "படைச்சவன் அவ்ளோ பெரிய யானைய படைச்சிருக்கான். நம்ம புள்ளைங்க அத நோட்டுப் புத்தக அட்டையில மட்டுந்தான் பாக்கணுமா, ஹாஜிரா?"

அன்று இரவுத் தொழுகை முடிந்தும் வெகுநேரம் ஹாஜிரா கையேந்தியபடி இருந்தாள். தன் பயத்துக்காகப் பிள்ளைகளைப் பூட்டி வைப்பது நியாயமா என்று அவளுக்கே உறுத்தியது. மறுநாள் ஒரு நிபந்தனை போட்டாள். "அஞ்சு பேருக்கும் ஒரே நெறத்துல துணி. கண்ணு குத்தற நெறமா இருக்கணும். எங்க நின்னாலும் எனக்குத் தெரியணும்."

அப்துல் கனி அந்த வருஷப் பெருநாளுக்கு ஒரே தான் சுருளில் மஞ்சள் துணி எடுத்தார். ஆண்பிள்ளைகள் மூவருக்கும் சட்டை, பெண்பிள்ளைகள் இருவருக்கும் கவுன். பெருநாள் அன்று தெருவில் இறங்கியபோது எதிர்வீட்டு ராமக்காள், "ஏ ஹாஜிரா, சாமந்தித் தோட்டத்தையே ஓட்டிக்கிட்டுப் போறியா!" என்று கேட்டாள். ஹாஜிராவுக்கு மனம் நிறைந்தது. ஒரே பார்வையில் ஐந்தும் கிடைத்தது.

பிறகு வீட்டில் பேச்செல்லாம் பயணம்தான். புளிச்சோறு யார் தூக்குவது, கடைக்குட்டி பரீதாவை யார் தூக்குவது, புலி வந்தால் முதலில் யார் ஓடுவது என்று தினம் ஒரு பஞ்சாயத்து.

வியாழக்கிழமை, லீவில் ஊருக்கு வந்திருந்த நஞ்சப்பன் வழி சொல்ல வந்தார். வாசலில் ஐந்து மஞ்சளும் வரிசையாக நிற்பதைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"ஐயையோ, அக்கா! இந்தத் துணியோட காட்டுக்கா? ரெண்டு மைலுக்கு அந்தாண்டயே மானெல்லாம் ஓடிப்போயிரும். மண்ணு நெறம், எலை நெறம், அப்படித்தான் போடணும். நாங்க என்னத்துக்குக் காக்கி போடறோம்? மிருகம் கண்ணுக்குத் தெரியாம இருக்கத்தான்."

"மிருகம் கண்ணுக்குத் தெரியலன்னா என் கண்ணுக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?" என்றாள் ஹாஜிரா. "காட்டுக்குள்ள எம்புள்ளய நான் எங்கன்னு தேடறது?"

"அப்ப வேணாம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். ஐந்து பிள்ளைகளும் அழாமல் உட்கார்ந்திருந்தார்கள். அழுதிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை. ஜமீர் பள்ளிக்கூடம் போக அவசரத்தில் சட்டையை உள்புறம் வெளியே வரப் போட்டுக்கொண்டு வந்து நின்றான். "மாடு மாதிரி வளர்ந்தும் சட்டை போடத் தெரியல பாரு" என்று அதைக் கழற்றித் திருப்பியவளின் கை பாதியில் நின்றது. சட்டையைத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

"என்னாங்க!" என்று கூவினாள். "உள்ள ஒரு நெறம், வெளிய ஒரு நெறம் வெச்சுத் தெச்சா? பஸ்சுல மஞ்சளு, காட்டுல காக்கி!"

அப்துல் கனி சட்டையை வாங்கித் தானும் ஒருதரம் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நாப்பது வருஷமா தைக்கிற வூட்ல பொறந்து எனக்கு இது தோணலயே" என்றார்.

ஆனால் பெருநாள் செலவு முடிந்த கையில் காக்கிக்கு எங்கே போவது? வெட்டுத்துண்டு அடுத்தவர் நம்பி ஒப்படைத்த அமானிதம் என்று, விரலளவு துண்டைக்கூட உடுப்போடு சுருட்டித் திருப்பிக் கொடுக்கிற மனுஷர் அவர். கடையில் காக்கி நூல்தான் இருந்தது. பாலக்கோட்டு பஸ் கண்டக்டரிடம் நஞ்சப்பனுக்குச் சொல்லியனுப்பினார். சாயங்காலமே நஞ்சப்பன் ஒரு மூட்டையோடு இறங்கினார்.

"எட்டு வருஷமா நீங்க திருப்பித் திருப்பிக் குடுத்த துண்டுங்கதான் மாஸ்டர். எங்கூட்டுக்காரி சோத்துப்பானை எறக்கறதுக்குக் கொஞ்சம் எடுத்துட்டா, கரி இருக்கும், பாத்துக்கங்க."

சனிக்கிழமை முழுக்கத் தையல் இயந்திரம் ஓயவில்லை. புதுக் காக்கி, வெளுத்த காக்கி, கரி பிடித்த காக்கி எல்லாம் ஒட்டுப்போட்டு மஞ்சளுக்கு அடியில் ஏறின. கவுன்களுக்குப் போதாமல் ஹாஜிரா தன் பழைய பச்சைச் சேலையை வெட்டினாள். பொத்தானை மட்டும் இரண்டு பக்கமும் தைத்தாள்.

"இந்தப் பக்கம் போட்டா பிச்சைக்காரி மாதிரி இருக்கும்மா" என்று முனகினாள் சுல்தானா.

"மானு உன்ன பொண்ணு பாக்கவா வருது? போட்டுப் பாருடி!"

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏழு பேரும் ஏறினார்கள். ஒசூரிலும் பெங்களூர்ப் பஸ் நிலையத்திலும் மஞ்சள் வேலை செய்தது. காட்டு வாசலில் நஞ்சப்பன் காத்திருந்தார். அங்கே, ஹாஜிரா துப்பட்டியை மறைப்பாகப் பிடிக்க, ஒவ்வொருவராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வாசல்காரர் கன்னடத்தில் ஏதோ சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

உள்ளே மானைப் பார்த்தார்கள். மயிலைப் பார்த்தார்கள். பிறகு நஞ்சப்பன் உதட்டில் விரல் வைத்து, ஒரு குட்டையின் கரையில் மரங்களுக்கு நடுவே அவர்களை நிறுத்தினார். தண்ணீரில் ஐந்து யானைகள், ஒரு குட்டி. ஹாஜிரா வாய்க்குள் "சுப்ஹானல்லாஹ்" என்றாள். குட்டி சேற்றில் வழுக்கி விழ, தாய் துதிக்கையால் தூக்கி நிறுத்தியது. எவ்வளவு நேரம் பார்த்தாளோ. சட்டென்று பழக்க தோஷத்தில் திரும்பி எண்ணினாள்.

நாலு.

மறுபடி எண்ணினாள். நாலுதான். முந்தானையில் ஜமீர் இல்லை. எங்கும் மரம், மண், சருகு. கூப்பிடவும் முடியாது, எதிரே யானை. மரம் மரமாகக் கண்ணால் துழாவினாள்.

பத்தடி தள்ளி ஒரு மரத்தோடு மரமாக ஒட்டி நின்றிருந்தவன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டான். சத்தம் போடவில்லை. சட்டை நுனியைப் பிடித்து மெல்ல மடித்துக் காட்டினான். காட்டுக்கு நடுவே ஒரு கை அகலம் மஞ்சள்.

அதைப் பார்த்து மற்ற நாலும் தங்கள் நுனியை மடித்துக் காட்டின. பரீதா கவுனை முகத்துக்கு மேலேயே தூக்கிவிட்டாள்.

இரண்டு வருஷமாக அடைத்துக்கிடந்த சிரிப்பு ஹாஜிராவுக்கு அப்போதுதான் வந்தது. முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டும் நிற்கவில்லை. தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது.

"அக்கா, சிரிக்காதீங்க அக்கா" என்று கெஞ்சினார் நஞ்சப்பன். "பெரிய யானை இந்தாண்ட திரும்புது!"